சாரா பெர்னார்: திரைப்படத் துண்டுகள் காட்டாத நடிப்புக் கலை

இங்கிலாந்தின் அரசி முதலாம் எலிசபெத்தைப் பற்றி 1912இல் வெளிவந்த பிரெஞ்சு மௌனப் படம் ஒன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அரசியாக நடிப்பவர் சாரா பெர்னார். கைகளை அகல வீசுகிறார். ஒவ்வொரு உணர்ச்சிக்கும் உடல் முழுவதையும் திருப்புகிறார். கடைசியில் தரையில் குவித்து வைத்த மெத்தைகளின் மேல் முகங்குப்புற விழுந்து சாகிறார். முதன்முறை பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். ஐம்பது ஆண்டுகள் உலகமே கொண்டாடிய நடிகை இவர்தானா? இந்த மிகை நடிப்புக்காகவா நியூயார்க்கிலும் மாஸ்கோவிலும் சிட்னியிலும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்?

2023இல் அவருடைய நூற்றாண்டு நினைவை ஒட்டி பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதிலிருந்து இந்தப் படத் துண்டுகள் மேலும் பரவின, கேள்வியும் பரவியது. ரசிகர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்து ரசனை அப்படி என்றும் ஒதுக்கிவிடலாம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. பெர்னாரின் கலை குரலில் இருந்தது, செய்யுளைச் சொல்லும் முறையில் இருந்தது, ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்த அரங்கின் தூரத்தைக் கணக்கிட்டு வடிவமைத்த உடலசைவில் இருந்தது. மௌனப் படம் முதல் இரண்டையும் நீக்கிவிட்டு, மூன்றாவதை மிக அருகில் கொண்டுவந்து காட்டுகிறது. இது புரிய வேண்டுமானால் அவர் நுழைந்த நாடக உலகம் எப்படி இயங்கியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரெஞ்சு மேடையின் மூன்று விதிகள்

1. நடிகர்களே பங்குதாரர்கள். பதினான்காம் லூயி மன்னரின் ஆணையால் 1680இல் உருவான அரசு நாடகக் குழு கொமெதி பிரான்சேஸ். புதிதாகச் சேர்பவர் முதலில் சம்பள நடிகர். மூத்தவர்கள் தேர்ந்தெடுத்தால் அவர் 'சொசியெதேர்' ஆவார், அதாவது லாபத்தில் பங்கு பெறும் உறுப்பினர். ஓய்வூதியம் உண்டு, சமூக மதிப்பு உண்டு. பதிலுக்குக் குழுவின் அனுமதி இல்லாமல் வெளியே நடிக்கக் கூடாது, நினைத்தபோது விலகவும் முடியாது. பின்னால் வரப்போகும் வழக்கின் வேர் இந்த நிபந்தனைதான்.

2. ஒவ்வொருவருக்கும் ஒரு வகைப் பாத்திரம். இளம் காதலி, துன்பியல் அரசி, வேலைக்காரி, வேடிக்கைக் கிழவன் என்று பாத்திரங்கள் வகை பிரிக்கப்பட்டிருந்தன. நடிகர் தம் வகைக்குள்ளேயே வளர்வார், மூத்தவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு வருவார். ஒரே பாத்திரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பலரும் செய்வதால், ரசிகர்கள் கதையைத் தெரிந்துகொள்ள வரவில்லை. இன்ன அடியை இவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று கேட்க வந்தார்கள்.

3. துன்பியல் நாடகம் செய்யுளில் இருக்கும். அதன் யாப்பு அலெக்சாந்திரன். அடிக்கு 12 அசைகள், ஆறாம் அசைக்குப் பின் ஒரு நிறுத்தம், இரண்டிரண்டு அடிகளுக்கு இயைபு. பிரெஞ்சுச் சொற்களில் ஒரு அசையை மட்டும் ஓங்கி அழுத்தும் வழக்கம் வலுவாக இல்லை. ஆகவே உணர்ச்சியை அழுத்தத்தால் காட்ட முடியாது. சுருதியாலும் வேகத்தாலும் உயிரொலிகளின் நீளத்தாலும்தான் காட்ட வேண்டும். சாதாரண நடிகர் இதில் இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுவார். யாப்பைக் காப்பாற்றப் போய் ஒரே மெட்டில் ஒப்பிப்பார், அல்லது இயல்பாகப் பேச முயன்று செய்யுளை உடைத்துவிடுவார்.

பெர்னாரின் பெருமை முழுவதும் இந்த மூன்றாம் விதியிலிருந்து பிறக்கிறது. அவர் வாழ்க்கையின் சண்டைகள் முதல் இரண்டு விதிகளிலிருந்து பிறக்கின்றன.

பிறப்பும் தடுமாற்றமான தொடக்கமும்

1844 அக்டோபரில் பாரிஸில் பிறந்தார். நாளைச் சரியாகச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியின்போது நகர மண்டபத்தோடு பதிவேடுகளும் எரிந்துபோனதுதான். தாய் ஜூடித் பெர்னார், நெதர்லாந்திலிருந்து வந்த யூதப் பெண். செல்வந்தர்களின் ஆதரவில் வாழ்ந்தவர். தந்தை யார் என்பது இன்றுவரை வாதத்துக்கு உரியது. வெர்சாய் அருகே ஒரு கன்னிமடப் பள்ளியில் படித்த சிறுமி அங்கேயே ஞானஸ்நானமும் பெற்றாள், துறவியாகவும் ஆசைப்பட்டாள். நாடகப் பள்ளியில் சேர்க்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் தாயின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்த மோர்னி கோமகன், பேரரசர் மூன்றாம் நெப்போலியனோடு ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரர். இந்தச் செல்வாக்கு இல்லாவிட்டால் கதவு அவ்வளவு எளிதில் திறந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நுழைவுத் தேர்வில் எதிரே நின்று வசனம் சொல்ல ஆள் இல்லாததால் லா ஃபொந்தேனின் 'இரண்டு புறாக்கள்' கதைப்பாடலைச் சொன்னதாக அவரே நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1862 ஆகஸ்டில், பதினேழாம் நூற்றாண்டுத் துன்பியல் நாடகாசிரியர் ரசீனின் 'இஃபிஜெனி' நாடகத்தில் கொமெதி பிரான்சேஸ் மேடையில் முதன்முதலாக ஏறினார். மேடை அச்சம் அவரை உலுக்கியது. அக்காலத்தின் செல்வாக்கு மிக்க விமர்சகர் ஃபிரான்சிஸ்க் சார்சே, நன்றாக நிற்கிறார், தெளிவாக உச்சரிக்கிறார், இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்லலாம் என்ற பொருளில் எழுதினார்.

அடுத்த ஆண்டே வெளியேற வேண்டிவந்தது. நாடகாசிரியர் மொலியேரின் பிறந்தநாள் விழாவில் சாராவின் சின்னத் தங்கை, மூத்த நடிகை மதாம் நத்தாலியின் நீண்ட ஆடை நுனியை மிதித்துவிட்டாள். நத்தாலி குழந்தையைத் தள்ளிவிட, சாரா அந்த அம்மையாரைக் கன்னத்தில் அறைந்தார். மன்னிப்புக் கேட்க மறுத்தார், ஒப்பந்தம் முடிந்தது. 1864 டிசம்பரில் மகன் மொரிஸ் பிறந்தான். திருமணமாகாத தாய், நிலையான வேலை இல்லை. 1866இல் செய்ன் நதியின் இடக்கரையிலிருந்த ஒதெயோன் அரங்கம் அவரை எடுத்துக்கொண்டது.

மாணவர்கள் நிறைந்த அந்த அரங்கில்தான் அவர் உருவானார். 1869இல் ஃபிரான்சுவா கொப்பேயின் ஒற்றை அங்கச் செய்யுள் நாடகமான 'வழிப்போக்கன்' அவரைப் புகழுக்குக் கொண்டுவந்தது. அவர் ஏற்றது சனெத்தோ என்ற நாடோடிப் பாடகச் சிறுவனின் வேடம். முதல் பெரிய வெற்றியே ஆண் வேடத்தில் வந்தது. 1870இல் பிரஷியப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது அதே ஒதெயோனை ராணுவ மருத்துவமனையாக மாற்றி, உணவும் விறகும் திரட்டிக் காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1872இல் விக்டர் ஹ்யூகோவின் 'ருய் ப்ளா'வில் ஸ்பெயின் அரசியாக நடித்தார். அறைந்துவிட்டு வெளியேறிய அதே கொமெதி பிரான்சேஸ் அந்த ஆண்டே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1875இல் சொசியெதேர் ஆனார்.

அவர் செய்தது என்ன: 'ஃபெத்ர்' என்ற உதாரணம்

பொன்குரல் என்று அவர் குரலைப் புகழ்ந்தார்கள். புகழ்மொழி எதையும் விளக்காது. ஒரு காட்சியை எடுத்துப் பார்த்தால் விளங்கும்.

ரசீன் 1677இல் எழுதிய 'ஃபெத்ர்', பிரெஞ்சு நடிகைகளுக்கு உச்சத் தேர்வு. பெர்னாருக்கு முந்தைய தலைமுறையில் ரஷேல் ஃபெலிக்ஸ் அந்த வேடத்தில் உச்சத்தைத் தொட்டவர். 1858இல் 36 வயதிலேயே இறந்துபோனார். அவரைப் பார்த்தவர்கள் இன்னும் அரங்கில் அமர்ந்திருந்த 1874 டிசம்பரில் பெர்னார் அதே வேடத்தை ஏற்றார்.

ஃபெத்ர் அரசன் தீசியஸின் மனைவி. கணவனின் முதல் மகன் இப்போலித்தின் மேல் அவளுக்குத் தகாத காதல். கணவன் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. இரண்டாம் அங்கத்தில் அவள் இப்போலித்திடம் பேசுகிறாள். ஆம், தீசியஸுக்காக ஏங்குகிறேன் என்று தொடங்குகிறாள். ஆனால் இன்றிருக்கும் தீசியஸ் அல்ல. இளமையான, பெண்களைக் கவரும், கர்வமும் கூச்சமும் கலந்த தீசியஸ், உன்னைப் போன்றவன் என்கிறாள். அவர் கிரீட் தீவுக்கு வந்தபோது நீ ஏன் வரவில்லை என்கிறாள். அந்தச் சிக்கல் வழி மாளிகையில் நூலைக் கொடுத்து வழிகாட்டியவள் என் அக்கா அரியாத்ன். நீ வந்திருந்தால் அக்கா அல்ல, நான் வழிகாட்டியிருப்பேன். இல்லை, நூலும் போதாது. நானே உன்னோடு உள்ளே இறங்கியிருப்பேன், உன்னோடு மீண்டிருப்பேன் அல்லது உன்னோடு தொலைந்திருப்பேன்.

யாப்பு எங்கும் முறியவில்லை. இலக்கண ரீதியாகப் பேச்சு ஒழுங்காகவே செல்கிறது. 'அவர்' என்பது மட்டும் மெல்ல மெல்ல 'நீ'யாக மாறிவிடுகிறது. பேசுபவளுக்கே தான் சொல்லிவிட்டது கடைசியில்தான் தெரிகிறது. இந்தச் சரிவைக் குரல்தான் காட்ட வேண்டும், கையும் கண்ணும் போதாது. பெர்னார் என்ன செய்தார் என்பதற்கு சமகாலத்தவர் குறிப்புகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இதே பகுதியைப் பதிவு செய்த மெழுகு உருளையும் சான்று. அவற்றிலிருந்து திரட்டக்கூடியவை:

1. பல அடிகளை ஏறக்குறைய ஒரே சுருதியில், மந்திரம் ஓதுவதுபோல் இழுத்துச் செல்கிறார். பேச்சும் அல்ல, பாட்டும் அல்ல. கேட்பவர் காது அந்தச் சமநிலைக்குப் பழகிவிடுகிறது.

2. பழகியபின் வேகத்தை மாற்றுகிறார். அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடுகின்றன. இயைபுச் சொற்களில் நிற்காமல் கடந்துபோகிறார். ஆனால் ஒரு அசையும் விழுங்கப்படவில்லை. இது மூச்சுப் பயிற்சியின் சாதனை.

3. குரல் சின்னது, மென்மையானது. இடி முழக்கம் அவருக்கு இயல்பு அல்ல. தெளிவான உச்சரிப்பாலும் மெல்லிய நடுக்கத்தாலும் கடைசி வரிசை வரை எட்டியது. ஓங்கிக் கத்த முடியாதவர் என்பதாலேயே ஒலிச் சிக்கனத்தைக் கற்றார் என்பது என் ஊகம்.

1879 ஜூனில் கொமெதி பிரான்சேஸ் குழு லண்டன் கெய்ட்டி அரங்குக்குச் சென்றபோது முதல் இரவில் இந்த அங்கத்தைத்தான் நடித்தார். மேடை அச்சத்தில் முதல் சொல்லையே மிக உயர்ந்த சுருதியில் எடுத்துவிட்டதாகவும், எடுத்த சுருதியை இறக்க முடியாமல் அதே உச்சத்தில் கடைசிவரை போக வேண்டியிருந்ததாகவும் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். லண்டன் அன்றிரவே அவருடையதாகிவிட்டது. தவறிப்போனதையே அவர் சுருதி என்ற சொல்லால் விளக்குகிறார். நடிப்பை அவர் எப்படி நினைத்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

உடலுக்கு வருவோம். அக்கால மேடை அழகி பருத்த உடலோடு இருக்க வேண்டும். பெர்னார் ஒல்லி; கேலிச் சித்திரக்காரர்கள் அவரைக் குச்சியாக வரைந்தார்கள். அவர் உடலை ஒட்டிய நீண்ட அங்கிகளை அணிந்து, இடுப்புக்கு மேலே ஒரு பக்கமும் கீழே மறு பக்கமும் திரும்பி நின்றார். ஆடையின் நுனி கால்களைச் சுற்றித் தரையில் வளையும். தூரத்திலிருந்து பார்த்தால் தலை முதல் தரை வரை ஒரே சுழல் கோடு. 1876இல் நண்பர் ஜார்ஜ் க்ளேரன் வரைந்த பெரிய ஓவியத்தில், திவானில் சாய்ந்திருக்கும் அந்த வெண்ணிற உருவம் இதே சுழலைக் காட்டுகிறது. முகபாவம் தெரியாத மேல்மாடி ரசிகனுக்கு இந்தக் கோடுதான் முகம். அவர் சிற்பியும்கூட. 1876இல் பாரிஸ் ஓவிய சிற்பக் கண்காட்சியில் அவருடைய 'புயலுக்குப் பின்' சிற்பம் சிறப்புக் குறிப்பு பெற்றது. உடலை வெளியிலிருந்து ஒரு வடிவமாகப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்று நினைக்க இடமுண்டு.

1880: விலகலும் அதன் விலையும்

1880 ஏப்ரலில் எமில் ஓழியேவின் ஒரு நாடகத்தை, உடல்நலம் சரியில்லை, ஒத்திகை போதவில்லை என்று சொல்லியும் நடிக்க வைத்தார்கள். விமர்சனங்கள் கடுமையாக வந்தன. அவர் ராஜினாமாக் கடிதம் எழுதி, பத்திரிகைகளுக்கும் பிரதி அனுப்பினார். முதல் விதியை நினைவில் கொள்க: சொசியெதேர் அப்படி விலக முடியாது. குழு வழக்குத் தொடுத்து வென்றது. 1,00,000 பிராங்க் இழப்பீடு என்று தீர்ப்பாயிற்று. ஓய்வூதியப் பங்கும் போயிற்று.

கடனும் விடுதலையும் ஒன்றாக வந்தன. அந்த நவம்பரில் நியூயார்க்கில் முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. சில மாதங்களில் ஐம்பது நகரங்களில், 150க்கும் மேற்பட்ட காட்சிகள், எல்லாமே பிரெஞ்சு மொழியில். பிறகு ரஷ்யா, தென் அமெரிக்கா, 1891இல் ஆஸ்திரேலியா. அமெரிக்காவுக்கு மட்டும் ஒன்பது முறை போனார். 1906இல் அங்கே அரங்குகளைக் கையில் வைத்திருந்த முதலாளிகள் கூட்டணி இடம் தர மறுத்தபோது டெக்சாஸில் பெரிய கூடாரம் அடித்து நடித்தார்.

இந்தப் பயணங்கள் நடிப்பையே மாற்றின. மொழி புரியாத ஊரில் ரசீனின் செய்யுள் நுணுக்கத்தை யார் கேட்பார்? கதையைப் பார்வையாலேயே தொடரும் நாடகங்கள் தேவைப்பட்டன. நாடகாசிரியர் விக்டோரியன் சார்து அவற்றை அளந்து தைத்துக் கொடுத்தார்: 'ஃபெதோரா' 1882, 'தெயோதோரா' 1884, 'லா தொஸ்கா' 1887, 'ஜிஸ்மோந்தா' 1894. கதாநாயகி வெளிநாட்டு இளவரசி, பேரரசி அல்லது பாடகி, ஆடம்பர உடை, இறுதியில் பெரும்பாலும் மரணம். இலக்கியமாக இவை ரசீனின் அருகில் நிற்காது. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நடிகைக்காக எழுதப்பட்ட இயந்திரங்கள் என்ற வகையில் கச்சிதமானவை. 'லா தொஸ்கா'வில் போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவைக் குத்திக் கொன்றபின் தொஸ்கா வசனமே இல்லாமல் மெழுகுவர்த்திகளை எடுத்துப் பிணத்தின் இருபுறமும் வைக்கிறாள், மார்பில் சிலுவையை வைக்கிறாள், வெளியேறுகிறாள். பிரெஞ்சு மொழி அதிகம் தெரியாத இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி பெர்னார் நடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அதை ஓபராவாக்க உறுதிகொண்டார். 1900இல் ரோமில் அரங்கேறிய அந்த ஓபராவிலும் மெழுகுவர்த்திக் காட்சி அப்படியே இருக்கிறது.

'ஜிஸ்மோந்தா'வின் சுவரொட்டிக்கு அப்போது பெயர் தெரியாத செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகாவிடம் வேலை போயிற்று. 1895 புத்தாண்டில் பாரிஸ் சுவர்களில் ஒட்டப்பட்ட அந்த ஆளுயர ஒட்டியிலிருந்துதான் முகாவின் பாணி பரவியது. பெர்னார் அவரோடு ஆறு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

முதலாளி நடிகை

பணம் வந்ததும் அரங்கம் வாங்கினார் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் அரங்குகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். 1893 முதல் ரெனெசான்ஸ். 1899 முதல் ஷாத்லே சதுக்கத்தில் நகராட்சிக்குச் சொந்தமான, சுமார் 1,700 இருக்கைகள் கொண்ட அரங்கம். அதற்குத் தம் பெயரையே சூட்டினார். நாடகத் தேர்வு, நடிகர் தேர்வு, உடை, விளக்கு, ஒத்திகை எல்லாம் அவர் கையில். பாரிஸில் துணிந்து செய்த நாடகங்கள் நஷ்டம் தந்தால் அடுத்த வெளிநாட்டுப் பயணம் ஈடுகட்டும். இப்படி ஓடியது கணக்கு.

அந்தப் பெயர்ப் பலகைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் யூதத் தாயின் மகள் என்பதைப் பெர்னார் மறைத்ததில்லை. வாழ்நாள் முழுதும் யூத வெறுப்புக் கேலிச் சித்திரங்களுக்கு இலக்கானார். ராணுவ அதிகாரி திரைஃபுஸ் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டு நாடு இரண்டாகப் பிரிந்தபோது அவர் பக்கம் நின்றார். எதிர்ப்பக்கம் நின்ற சொந்த மகனோடு அதனால் மனஸ்தாபம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, யூதப் பெயர் என்பதால் அரங்கின் பெயரை நீக்கினார்கள். 1968 முதல் நகர அரங்கம் என்று வழங்கிய அந்தக் கட்டடம் நீண்ட புதுப்பிப்புக்குப்பின் 2023இல் திறந்தபோது சாரா பெர்னார் பெயரும் கூடவே சேர்ந்தது.

ராஜபார்ட் வேடங்கள்

அரங்கம் சொந்தக் கையில் இருந்ததால் இரண்டாம் விதியையும் உடைத்தார். வயதாகும் நடிகைக்குத் தாய் வேடம்தான் என்ற வகைப் பிரிவினையை ஏற்காமல் இளைஞர் வேடங்களை எடுத்தார்.

1. 1896: முஸ்ஸே 1834இல் எழுதி யாரும் மேடையேற்றத் துணியாத 'லொரென்சாச்சியோ'. கொடுங்கோலனைக் கொல்லத் திட்டமிட்டு, அவனுடைய கேளிக்கைகளில் கலந்து, தானும் கெட்டுப்போகும் இளைஞன்.

2. 1899: 'ஹாம்லெட்', புதிய உரைநடை மொழிபெயர்ப்பில், ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதே ஆண்டு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார்; ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டிலும் நடித்தார்.

3. 1900 மார்ச்: எத்மோன் ரொஸ்தான் அவருக்காகவே எழுதிய 'கழுகுக்குஞ்சு'. நெப்போலியனின் மகன், ஆஸ்திரிய அரண்மனையில் கைதிபோல் வளர்ந்து காசநோயில் சாகும் இளைஞன். நடித்தவருக்கு வயது 55.

பெண் ஆண் வேடம் போடுவது பிரெஞ்சு மேடையில் புதிதல்ல. பெரும்பாலும் அது கால் அழகைக் காட்டும் கேளிக்கையாக இருந்தது. பெர்னார் அதற்கு ஒரு தர்க்கம் சொன்னார். சிந்தனையின் பாரம் தாங்காத மெலிந்த இளைஞர்களை நடிக்க, அந்த வயது ஆணுக்கு மனமுதிர்ச்சி போதாது. முதிர்ந்த நடிகருக்கு உடல் இளமை இராது. இரண்டும் பெண்ணிடம் சேரும். டான் ஜுவான் போன்ற வேடங்களைப் பெண் தொடக் கூடாது என்றும் அவரே எல்லை வகுத்தார். மேலே சொன்ன மூவரையும் மூன்று ஹாம்லெட்டுகள் என்று ஒரே வரிசையில் வைத்தார். தேர்வில் அடம் இல்லை, கணக்கு இருந்தது.

எதிர்வாதம்: டூசேயும் ஷாவும்

எல்லோரும் மயங்கவில்லை. 1881இல் மாஸ்கோவில் பார்த்த இளம் செகாவ், அவர் உழைப்பை வியந்து, அந்த உழைப்பு வெளியே தெரிவதைக் குறை சொன்னார். 1895 ஜூனில் லண்டனில் பெர்னாரும் இத்தாலிய நடிகை எலெயோனோரா டூசேயும் ஒரே நாடகத்தின் ஒரே வேடத்தை அடுத்தடுத்து நடித்தார்கள். அப்போது விமர்சகராக இருந்த பெர்னார்ட் ஷாவின் தீர்ப்பு டூசேக்கு. பெர்னார் பாத்திரத்துக்குள் நுழைவதில்லை, பாத்திரத்தின் இடத்தில் தன்னை வைத்துவிடுகிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. டூசே மேடையிலேயே உண்மையாக முகம் சிவந்ததை ஷா வியந்து எழுதினார்.

சார்துவின் நாடகங்களைப் பொறுத்தவரை ஷா சொன்னது சரி. ஆனால் அந்த அளவுகோல் உரைநடை நாடகத்துக்கு உரியது; ரசீனின் அரசி முகம் சிவப்பதால் உயிர்பெற மாட்டாள். அவள் இருப்பதே 12 அசை அடிக்குள். பின்வந்த நூற்றாண்டு உரைநடையையும் அதற்கு ஏற்ற நடிப்பையும் தேர்ந்தெடுத்துக்கொண்டது. நாம் அந்தத் தேர்வின் பிள்ளைகள் என்பதால் டூசே நமக்கு நெருக்கமாகத் தெரிகிறார்.

கேமராவின் முன்

1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் 'ஹாம்லெட்' வாள்சண்டைக் காட்சி திரையிடப்பட்டது. ஒலி உருளையோடு இணைத்துக் காட்டிய மிகச் சிறிய படம். 1912இன் எலிசபெத் படம் நீளமானது, மௌனமானது. மேடையின் முன் கேமராவை நிறுத்தி எடுத்த அதில் நேர்ந்தது இதுதான்:

1. குரல் இல்லை. கலையின் பெரும்பகுதி அங்கேயே போயிற்று.

2. கடைசி வரிசைக்காக அமைந்த சைகை நம் கண்முன் நிற்கிறது. அளவு மாறியதும் பொருள் மாறிவிட்டது.

3. எடுத்தபோது வயது 67. கால் முட்டி கெட்டிருந்தது. நாற்காலியையோ சக நடிகரையோ பற்றிக்கொண்டுதான் நகர முடிந்தது. சுழல் கோடு சாத்தியமில்லை.

ஆயினும் வணிக வரலாற்றில் இந்தப் படத்துக்கு இடம் உண்டு. அமெரிக்க உரிமையை வாங்கிய அடால்ஃப் சூக்கர் நியூயார்க்கில் முறையான நாடக அரங்கில் திரையிட்டார். நடுத்தர வர்க்கம் நீண்ட படத்துக்குப் பணம் கொடுத்து வரும் என்று அது காட்டியது. அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் பாரமவுண்ட் ஆயிற்று.

ஒற்றைக் காலோடு எட்டு ஆண்டுகள்

1905இல் ரியோ டி ஜெனிரோவில் 'லா தொஸ்கா'வின் கடைசிக் காட்சியில் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தபோது வலது முட்டியில் பட்ட அடி ஆறவே இல்லை. 1915 பிப்ரவரி 22 அன்று பொர்தோ நகரில் காலை முட்டிக்கு மேலே துண்டித்தார்கள். வயது 70. அந்தக் காலைக் கண்காட்சியில் வைக்க அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் விலை பேசினார் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. பார்னம் 1891இலேயே இறந்துவிட்டார்.

செயற்கைக் கால் பொருந்தவில்லை, தூக்கி எறிந்தார். பல்லக்கு நாற்காலியில் தம்மைச் சுமக்கச் செய்து, முதல் உலகப் போரின் முன்னணிப் படையினருக்கு நடித்துக் காட்டப் போனார். 1916 முதல் 1918 வரை கடைசி அமெரிக்கப் பயணம். நின்று நடிக்க வேண்டிய காட்சிகளை விட்டுவிட்டு, அமர்ந்தோ படுத்தோ இருக்கும் பாத்திரங்களைத் தேடினார், அல்லது எழுதச் சொன்னார்.

1920இல் தம் அரங்கிலேயே ரசீனின் 'அத்தாலி'யை ஏற்றினார். யூதேயாவின் முதிய அரசி; பல்லக்கில் சுமந்துவரப்படுகிறாள். இறந்த தாய் ஜெசபேல் கனவில் வந்து எச்சரித்ததையும், தழுவப் போனபோது அங்கே எலும்பும் சதையும் குழம்பிக் கிடந்ததையும் அவள் விவரிக்கும் நீண்ட பகுதிதான் அந்த வேடத்தின் மையம். நடக்கத் தேவையில்லை, குதிக்கத் தேவையில்லை. தொடக்க காலத்தில் கற்ற அதே 12 அசை அடிகள் மட்டும். 75 வயதில் அதைச் சொல்லி அரங்கை நிறைத்தார்.

1923 மார்ச்சில் ஒரு திரைப்படத்துக்காகப் படப்பிடிப்புக் குழுவைத் தம் பாரிஸ் வீட்டுக்கே வரவழைத்து, குறி சொல்லும் பெண்ணாக அமர்ந்தபடி நடித்துக்கொண்டிருந்தார். அந்த வேலை முடியுமுன் 26ஆம் நாள், மகன் மொரிஸ் அருகிலிருக்க இறந்தார். பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.